தாங்கிக்கொள்வதும் நலமாக இருப்பதும்: முதல் பாம்பாகச் சோளப்பாம்பு

பாம்பு வளர்க்கத் தொடங்குகிறவருக்கு வளர்ப்போர் வட்டத்தில் முதலில் சொல்லப்படும் பெயர் சோளப்பாம்பு. கடைகளில் கார்ன் ஸ்நேக் என்று விற்கப்படுவது இதுதான். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்கள் இதன் தாயகம். வடக்கே நியூ ஜெர்சி தொடங்கித் தெற்கே ஃபுளோரிடாவின் தீவுகள் வரை, காட்டோரங்களிலும் வயல்வெளிகளிலும் பாழடைந்த பண்ணைக் கொட்டகைகளிலும் எலி தேடித் திரியும். நஞ்சில்லாதது. வளர்ந்த பாம்பு பெரும்பாலும் 3 முதல் 5 அடி நீளம் இருக்கும். கையில் எடுத்தால் சீறுவது அரிது, கடிப்பது அதனினும் அரிது. கடித்தாலும் முள் கீறிய அளவுக்குத்தான் காயம். உறைந்த எலியைக் கரைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் மறுக்காமல் விழுங்கும். நன்றாகக் கவனித்தால் 15 முதல் 20 ஆண்டுகள், சில சமயம் அதற்கும் மேல் வாழும். இந்தப் புகழுரைகள் அனைத்தும் உண்மை. ஆனால் இவற்றைச் சற்று உற்றுப் பார்த்தால் ஒன்று புலப்படும்: இவை பெரும்பாலும் அந்தப் பாம்பு எதையெல்லாம் தாங்கிக்கொள்ளும் என்பதைப் பற்றியவை. வெப்பம் சற்றுக் குறைந்தாலும், பெட்டி சிறிதாக இருந்தாலும், இரை தாமதமானாலும் சோளப்பாம்பு செத்துப்போவதில்லை. அதனால்தான் அது புதியவர்களுக்கு ஏற்றது என்று பெயரெடுத்தது. தாங்கிக்கொள்வதும் நலமாக இருப்பதும் ஒன்றல்ல என்பதைப் பாம்பு வாங்கும் முன்பே ஒருவர் மனத்தில் இருத்திக்கொண்டால், அவருடைய பாம்பு வளர்ப்பு சரியான இடத்தில் தொடங்குகிறது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு கருத்தின் விரிவுதான்.

அதற்கு முன் சட்டம். இந்தியாவில் சாரை, மண்ணுளி உட்பட நம் மண்ணின் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பாம்புகளை உரிய அனுமதியின்றிக் கொண்டுவருவதும் குற்றமே. பெட்டிகளில் அடைத்துக் கடத்தி வரப்படும் பாம்புகளும் ஆமைகளும் சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகின்றன. சிங்கப்பூரில் பாம்பை வளர்ப்புப் பிராணியாக வைத்திருக்க அனுமதி இல்லை. நியூசிலாந்தில் எந்தப் பாம்பும் கூடாது; ஆஸ்திரேலியாவில் தனியார் வீட்டில் சோளப்பாம்பு கூடாது. பிரிட்டனில் இதற்கு உரிமம் தேவையில்லை. கனடாவில் ஊருக்கு ஊர் விதி மாறும். சோளப்பாம்பு இயற்கையாக வாழும் அமெரிக்காவிலேயே, ஜார்ஜியா மாநிலம் தன் மண்ணின் நஞ்சில்லாப் பாம்புகளை வீட்டில் வளர்க்க விடுவதில்லை. எனவே சட்டம் இடங்கொடுக்கும் நாட்டில் வாழ்பவர்களுக்காகவே இனி வருபவை எழுதப்படுகின்றன. மற்ற இடங்களில் இருப்பவர்கள் காடுகளிலும் வயல்களிலும் பாம்பைப் பார்த்து மகிழட்டும். அதில் குறைவு ஒன்றுமில்லை.

நாய்க்கு வலித்தால் முனகும். பூனைக்கு உடம்பு சரியில்லையென்றால் சோற்றுத்தட்டை விட்டு ஒதுங்கும். ஒரே நாளில் வீட்டார் கவனித்துவிடுவார்கள். பாம்புக்குக் குரல் இல்லை, இமை இல்லை, முகத்தை மாற்றிக் காட்டும் தசைகள் இல்லை. அதன் உடல் மிகக் குறைந்த ஆற்றலில் ஓடுவதால் வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட, இரையின்றி உயிரோடு இருக்க முடியும். வாய் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி வருவது, முதுகெலும்பு துருத்துவது போன்ற அடையாளங்கள் நம் கண்ணில் படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே ‘என் பாம்பு அமைதியாகத்தான் இருக்கிறது’ என்ற சொல்லுக்கு எந்த மதிப்பும் இல்லை. நலமான பாம்பும் அமைதியாகவே இருக்கும். குளிரில் விறைத்த பாம்பும் அமைதியாகவே இருக்கும். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது நம் கண்ணோ பாசமோ அல்ல. வெப்பமானி, ஈரப்பதமானி, எடைத்தராசு, ஒரு குறிப்பேடு ஆகிய நான்கும்தான். இவை சில நூறு ரூபாய் பெறுமானமுள்ள பொருள்கள். பாம்பின் நிறத்துக்காக ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காதவர்கள் இவற்றை வாங்கத் தயங்குவதுதான் வருத்தமளிக்கிறது.

முதலில் வெப்பம், மற்ற அனைத்தும் இதற்குப் பிறகுதான். நம் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பாம்பு அதை வெளியிலிருந்து பெறுகிறது. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி நகர்ந்து தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்கிறது. விழுங்கிய எலி செரிப்பதும், நோய்க்கிருமியை உடல் எதிர்ப்பதும் இந்தச் சூட்டை நம்பியே நடக்கின்றன. போதிய வெப்பம் இல்லாத பாம்பின் வயிற்றில் எலி செரிக்காமல் அழுகத் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் பாம்பு அதைக் கக்கிவிடும். சோளப்பாம்பின் பெட்டியில் ஒரு முனை 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். மறுமுனை 22 முதல் 24 டிகிரி. இரவில் 20 டிகிரி வரை இறங்கினால் கேடில்லை. ஈரப்பதம் 40 முதல் 60 விழுக்காடு. கையை வைத்துப் பார்த்தால் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. தெரியாது. நம் உள்ளங்கையின் தோலே ஏறத்தாழ அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. 32 டிகிரி நமக்கு வெதுவெதுப்பாகக்கூடத் தோன்றாது. நம் கைக்கு இதமாகச் சுடுகிற ஓர் இடம் பாம்பின் வயிற்றுக்கு அளவு மீறியதாக இருக்கலாம். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் மின் இணைப்பில் செருகப்பட்ட வெப்ப விரிப்பின் மேல் படுத்து, வயிற்றுச் செதில்கள் வெந்துபோன பாம்புகள் கால்நடை மருத்துவர்களிடம் வருவது புதிதல்ல. எந்தச் சூட்டுக்கருவியானாலும் தெர்மோஸ்டாட் வழியாகவே இணைக்க வேண்டும். அதன் உணரி பாம்பு படுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானிகளை நம்பாதீர்கள். இரு முனைக்கும் தனித்தனியாக உணரி வைத்த டிஜிட்டல் வெப்பமானி வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. காட்டில் யாரும் தெர்மோஸ்டாட் வைப்பதில்லை. கரோலினாவில் பனிக்காலம் உண்டு, ஃபுளோரிடாவில் கொளுத்தும் கோடை உண்டு. அங்கெல்லாம் இந்தப் பாம்பு நன்றாகத்தானே வாழ்கிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் காட்டுப் பாம்புக்குப் போக்கிடம் உண்டு. வெயில் ஏறினால் வேருக்கடியில் போகும்; குளிர் வந்தால் உறைபனி எட்டாத ஆழத்துப் பொந்துக்குள் இறங்கும்; மழைக்குப் பின் மரப்பட்டையின் இளஞ்சூட்டைத் தேடிவரும். பெட்டிக்குள் அடைத்த அன்றே அந்தத் தேர்வை நாம் பறித்துவிட்டோம். பெட்டியின் இரு முனைகளுக்கும் இடையே நாம் உண்டாக்கும் வெப்ப வேறுபாடு, பறித்த தேர்வில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதாகும். பிரிட்டனிலோ கனடாவிலோ குளிர்காலத்தில் மின்செலவைக் குறைக்க இரவில் வீட்டுச் சூடேற்றியை அணைப்பவர்கள், அறையின் வெப்பம் விடியற்காலையில் எவ்வளவு இறங்குகிறது என்று ஒருமுறை அளந்துவிட்டுத்தான் பாம்பு வாங்குவது பற்றி யோசிக்க வேண்டும்.

தேர்வு என்று சொன்னதுமே பெட்டியின் அளவு பற்றிய நெடுங்கால வழக்கு முன்னே வந்து நிற்கிறது. பாம்பு சுருண்டுதானே கிடக்கிறது, அதற்கு எதற்குப் பெரிய இடம் என்பது வணிகத்தில் வேரூன்றிய எண்ணம். வளர்ப்பகங்களில் மேசை இழுப்பறை போன்ற ஞெகிழிப் பெட்டிகளில் வாழ்நாள் முழுவதும் வைத்திருக்கிறார்கள். பாம்பு முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்க இயலாத பெட்டிகளே இன்றும் பரவலாக விற்பனையாகின்றன. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோளப்பாம்புகளைக் கொண்டே சோதித்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய பெட்டியில் இருந்த பாம்புகள் கூடுதலாக இயங்கின. சிறியதையும் பெரியதையும் திறந்துவிட்டு விருப்பப்படி போக விட்டபோது பெரியதையே நாடின. சுருண்டு கிடப்பது அதன் விருப்பம் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தது, பெருமளவுக்கு நாம் கொடுத்த இடத்தின் விளைவு என்பது இதிலிருந்து தெரிகிறது.

இதற்கு அனுபவசாலிகள் சொல்லும் பதிலையும் தள்ளிவிட முடியாது. குட்டிப் பாம்பைப் பெரிய பெட்டியில் விட்டால் அஞ்சி ஒடுங்கி இரையெடுப்பதை நிறுத்திவிடும் என்பார்கள். அப்படி நடப்பது உண்மை. ஆனால் அதை அச்சுறுத்துவது பெட்டியின் பரப்பு என்பதைவிட அதன் வெறுமை என்பதே பொருந்தும். வெறும் காகிதத் தரையும் ஒரு தண்ணீர்க் கிண்ணமும் மட்டுமே உள்ள நான்கடிப் பெட்டியில் குட்டிக்கு எந்தப் பக்கமும் மறைவில்லை. அதே பெட்டியில் சருகும் மரப்பட்டையும் செயற்கை இலைக்கொடியும் நெருக்கமாக இருந்தால், திறந்த வெளியைக் கடக்காமலே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அது போய்வரும். வளர்ந்த சோளப்பாம்புக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்பதைக் குறைந்த அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு அதைவிட நீளமாக வளர்ந்தால் பெட்டியும் நீள வேண்டும். பதுங்கிடம் குறைந்தது இரண்டு, வெப்ப முனையில் ஒன்றும் குளிர்ந்த முனையில் ஒன்றும். இரண்டும் உடம்பை உரசும் அளவுக்குக் குறுகலாக இருக்க வேண்டும். ஒரே பதுங்கிடம் வைத்து அதையும் குளிர்ந்த முனையில் வைப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அப்போது பாம்பு பாதுகாப்பா வெப்பமா என்று தேர்ந்தெடுக்க நேர்கிறது. அது பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்துச் செரிமானத்தை இழக்கிறது. தரைக்கு ஆஸ்பன் மரச்சீவல் அல்லது மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்த படுகை போதும். தேவதாரு வகை மரச்சீவல்களின் நெடி மூச்சுக்குழலுக்குக் கேடு. பூட்டு கட்டாயம். தலை நுழையும் இடைவெளி போதும், சோளப்பாம்பு முழுதாக வெளியே வந்துவிடும்.

பெட்டிக்குள் கிளையும் கொடியும் வைப்பது அழகுக்காகவா என்ற கேள்வியும் எழும். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹோல்ட்ஸ்மன் குழுவினர் 1999-இல் வெளியிட்ட சோதனையில், இளம் சோளப்பாம்புகளைத் திறந்த வட்டமான ஓர் அரங்கில் விட்டார்கள். தரையில் பல துளைகள். ஒன்றில் மட்டுமே ஒளிந்துகொள்ள வழி. சில நாள் பழக்கத்திலேயே பாம்புகள் அந்தத் துளை இருக்கும் திசையைக் கற்றுக்கொண்டு விரைவாக அதை அடைந்தன. இடத்தை நினைவில் வைத்து வழி கண்டுபிடிக்கும் விலங்குக்கு, ஆண்டுக்கணக்கில் மாறாத வெறும் பெட்டி எவ்வளவு பெரிய வறுமை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கனமான கிளைகளை ஏறுவதற்கு ஏற்றபடி பொருத்துங்கள். காட்டில் இது மரமேறும் பாம்பு. மாதத்துக்கு ஒருமுறை சிலவற்றை இடம் மாற்றுங்கள். பதுங்கிடங்களை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

புற ஊதா விளக்கைப் பற்றி வளர்ப்போர் நெடுநாள் சச்சரவிட்டிருக்கிறார்கள். பல தலைமுறைப் பாம்புகள் அது இல்லாமலே வாழ்ந்து முட்டையும் இட்டிருக்கின்றன என்பது மறுப்போர் வாதம். முழு எலியை உண்பதால் வைட்டமின் டி கிடைத்துவிடுகிறது என்பார்கள். ஆனால் 2008-இல் வெளிவந்த கால்நடை மருத்துவ ஆய்வொன்றில், புற ஊதா ஒளியில் வைத்த சோளப்பாம்புகளின் குருதியில் வைட்டமின் டி அளவு தெளிவாக உயர்ந்தது. ஒளியைக் கொண்டு அதை உண்டாக்கும் திறன் இந்த உடலுக்கு உண்டு என்றால், அந்தத் திறனைப் பயன்படுத்த வாய்ப்புக் கொடுப்பதே முறை. முட்டையிட்டது என்பது உயிர்பிழைத்ததற்குச் சான்று. அதற்கு மேல் அது எதையும் மெய்ப்பிக்கவில்லை. குறைந்த வலுவுள்ள குழல் விளக்கு ஒன்றைப் பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் ஒளிபடும்படி வைத்து, மறுபாதியை நிழலாக விடுங்கள்.

உணவில் புதியவர்களின் தவறு பெரும்பாலும் அன்பிலிருந்து வருகிறது. பாம்பு ஒவ்வொரு முறையும் ஆவலோடு விழுங்குகிறது, கொடுப்பவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இரை எப்போது கிடைக்கும் என்று உறுதியில்லாத வாழ்க்கைக்கு அமைந்த உடல் அது. கிடைக்கும்போதெல்லாம் விழுங்குவதே அதன் இயல்பு. பசியை அளவுகோலாக்கினால் பாம்பு கொழுத்துவிடும். குட்டிக்கு மயிர் முளைக்காத எலிக்குஞ்சு 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறை. வளர்ந்ததற்கு ஒரு வளர்ந்த சுண்டெலி 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை போதும். இரையின் பருமன் பாம்பின் உடலில் மிகத் தடித்த பகுதியை ஒட்டி இருக்கட்டும். உறைந்த எலியை இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துக் கரையவிட்டு, பிறகு உறையில் போட்டு வெந்நீரில் வைத்து இளஞ்சூடாக்கி, நீண்ட இடுக்கியால் கொடுங்கள், மைக்ரோவேவ் வேண்டாம். உயிருள்ள எலிதானே இயற்கை என்று வாதிடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காட்டில் எலிக்கு ஓட இடமுண்டு, பாம்புக்கு விலக இடமுண்டு. பெட்டிக்குள் மூலையில் சிக்கிய எலி கடித்துப் பாம்பின் கண்ணையும் முதுகையும் கிழித்துவிடும். எலிக்கும் அது தேவையற்ற வதை. பிரிட்டனில் முறையான வளர்ப்போர் அநேகமாக அனைவரும் உறைந்த எலிக்கு மாறிவிட்டார்கள். இரையெடுத்த பின் இரண்டு நாள் பாம்பைத் தொடாதீர்கள். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். சட்டை உரிக்கும் முன் கண் மங்கலாகும். அப்போது தொந்தரவு செய்யாமல், ஈரப் பாசி வைத்த பதுங்கிடம் ஒன்றைக் கூடுதலாகக் கொடுங்கள். சட்டை ஒரே துண்டாகக் கழன்று வந்தால் ஈரப்பதம் சரியாக இருக்கிறது என்று பொருள். துண்டு துண்டாக வந்தால் முதலில் ஈரப்பதமானியைப் பாருங்கள்.

ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும். தொட்ட பின் சோப்பால் கை கழுவுவது, பாம்பின் பொருள்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாமல் இருப்பது, 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொடவிடாமல் இருப்பது ஆகிய மூன்றிலும் தளர்வு கூடாது. ஒரு பெட்டியில் ஒரு பாம்பு. சோளப்பாம்பு துணை தேடும் இனமல்ல.

சோளப்பாம்புக்குப் போட்டியாக, புதியவர்களுக்கென்றே விற்கப்படுவது பால் பைத்தான் என்னும் ஆப்பிரிக்கக் குட்டை மலைப்பாம்பு. அதன் சாந்தம் பெயர்பெற்றது. ஆனாலும் என் பரிந்துரை சோளப்பாம்புதான்; காரணம் இதுவரை சொன்ன அதே வாதம். பால் பைத்தானுக்குக் கூடுதல் ஈரப்பதம் வேண்டும். எந்த நோயும் இல்லாமலே மாதக்கணக்கில் இரையை மறுக்கும். அந்த மறுப்பு இயல்பானதா நோயா என்று பிரித்தறியப் புதியவரால் இயலாது. டோகோ, பெனின், கானா நாடுகளிலிருந்து அது இன்றும் ஏராளமாக ஏற்றுமதியாகிறது. ஆக, எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கேள்வி. ‘ஸ்பைடர்’ என்று பெயரிட்டு விற்கும் நிறவகைக்குத் தலை நடுங்கிச் சமநிலை தடுமாறும் குறை பிறவியிலேயே உண்டு. அழகுக்காக அதை வாங்காதீர்கள். ஆயுளும் நீளம்: செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 2020-இல் முட்டையிட்ட பால் பைத்தானுக்கு அறுபது வயதுக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கனமான மறுப்பு: பாம்பை வீட்டில் வைக்கவே கூடாது. கிளிஃபர்ட் வார்விக் போன்ற உயிரியலாளர்கள் இதைப் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறார்கள். எந்தப் பெட்டியும் காட்டுக்கு ஈடாகாது, பாம்பின் துன்பம் மனிதனுக்கு எளிதில் புரியாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இந்த அத்தியாயம் முன்வைத்த சான்றுகளில் பாதி அவர்கள் பக்கத்துக்கும் வலுச்சேர்ப்பவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் பல தலைமுறைகளாக வளர்ப்பகத்தில் பிறந்த சோளப்பாம்பை, அதன் தேவைகளை அளந்து நிறைவேற்றி வளர்க்க முடியும் என்றே கருதுகிறேன். அதன் உணவும் வெப்பமும் இடமும் ஒரு குடும்பத்துக்கு எட்டும் வசதிக்குள் இருக்கின்றன. நூறு கிலோமீட்டர் அலையும் விலங்கு அல்ல அது. ஆனால் இந்தப் பதில் அளந்து வளர்ப்பவருக்கு மட்டுமே பொருந்தும். பிரிட்டனின் 2006-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் ஏற்ற சூழல், ஏற்ற உணவு, இயல்பான நடத்தைக்கு இடம் என்று வளர்ப்பவரின் கடமையைத்தான் வரையறுக்கிறது. பாம்பு எவ்வளவு தாங்கும் என்று அது கேட்கவில்லை. அளக்க மனமில்லாதவரிடம் வார்விக் சொல்வதே சரி.

எனவே வாங்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர் எட்டும் தொலைவில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். பிறகு பெட்டி, சூட்டுவிளக்கு, தெர்மோஸ்டாட், வெப்பமானிகள். காலிப் பெட்டியை இரண்டு வாரம் ஓடவிட்டு, காலையும் மாலையும் இரவும் இரு முனைகளின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் குறித்துவையுங்கள். அளவுகள் நிலைத்த பிறகு, வளர்ப்பகத்தில் பிறந்த, விற்பவர் கண்முன் இரையெடுத்துக் காட்டிய குட்டியாகத் தேர்ந்தெடுங்கள். அந்த இரண்டு வாரக் குறிப்பேட்டை நிரப்புவது உங்களுக்குச் சலிப்பாக இருந்தால், பாம்பு வாங்காதீர்கள்.